முள் பொய் சொன்னால் எர்த்தைப் பாருங்கள்

"மீட்டர் போயிட்டு அண்ணாச்சி, புதுசு ஒண்ணு போட்டிருங்க." பழைய அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்கள் தீர்ப்பைக் கையோடு கொண்டுதான் என் பட்டறைக்கு வருகிறார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஸ்ரீவைகுண்டத்தில் வண்டிகளுக்கு ஒயரிங் வேலை பார்க்கிறேன். பெட்ரோல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் தப்பாகக் காட்டும் வண்டிகளில் பெரும்பாலும் மீட்டர் நன்றாகவே இருக்கிறது. கெட்டிருப்பது எர்த்.

எங்கள் ஊரில் இதற்குக் காரணமும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகளோடு எங்கள் ஸ்டேஷனிலேயே மாட்டிக்கொண்டது. தண்ணீர் வடிந்ததும் சீட்டைக் காயவைத்து, ஆயிலை மாற்றி, வண்டியை ஓட்டத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் டேங்க் போல்ட்டுக்கு அடியிலும் ஒயர் முனைகளிலும் புகுந்த ஈரம் அங்கேயே தங்கிப் பச்சைக் களிம்பாகப் படிந்தது. தூத்துக்குடிப் பக்கத்து வண்டி என்றால் வெள்ளமே வேண்டாம், உப்பளக் காற்று போதும்.

இந்த வண்டிகளில் கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் பாதை பாடித் தகடுதான். அதைத்தான் எர்த் என்கிறோம். நடுவில் துரு வந்தால் தடை கூடும். இவற்றில் இருக்கும் பைமெட்டல் மீட்டரில் தடை கூடக் கூட முள் இறங்கும். டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் பாதிதான் காட்டும்.

முள்ளே பல சமயம் வழியும் சொல்லும். ஒரு முள் மட்டும் தப்பாகக் காட்டினால், டேங்கிலோ எஞ்சினிலோ இருந்து அதற்கு அளவு சொல்லும் யூனிட்டையும் ஒயரையும் பாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரைச் சந்தேகப்படுங்கள். சராசரி 10 வோல்ட் கொடுக்க வேண்டிய அது, தன் எர்த்தை இழந்தால் பேட்டரியின் முழு வோல்டேஜையும் தள்ளிவிடும். ஹெட்லைட் போட்டதும் முள் அசைந்தால் எர்த் கோளாறு என்று பாதி முடிவுக்கே வந்துவிடலாம். எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை அற்றுப்போன வண்டியில், ஸ்டார்ட்டர் கரண்ட் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து கேபிள் சுடுவதும் உண்டு. அதைக் கண்டபின் மீட்டரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருப்பது ஆபத்து.

எனக்கு உண்மையான வருத்தம் வேறு. அம்பாசிடர் உற்பத்தி 2014-இல் உத்தர்பாராவில் நின்றுபோனது. அதனால் இப்போது கடையில் கிடைக்கும் புது மீட்டரின் கணக்கு, பழைய டேங்க் யூனிட்டின் தடைக்குப் பொருந்தாமல் போகலாம். பொருந்தாவிட்டால் புதியதும் பொய்தான் சொல்லும். நல்ல மீட்டர் இதற்குள் காயலான் கடைக்குப் போயிருக்கும். ஏன் இப்படி நடக்கிறது? பொருளுக்கு என்றால் கேட்ட காசைக் கொடுக்கிறோம், கோளாறைத் தேடிக் கண்டுபிடித்தவனிடம் "உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். அப்புறம் எந்த மெக்கானிக் தேடுவான்? பொருளை மாற்றத்தான் பழகுவான். தேடுவதற்கென்று தனிக் கூலி சொல்லி வாங்கும் பழக்கம் பட்டறைகளில் வரவேண்டும். ஸ்கேனர் பிடித்துப் படிக்கும் ஐடிஐ பிள்ளைகளுக்கு, ஸ்கேனர் மாட்ட இடமே இல்லாத ஒரு பழைய டாஷ்போர்டையும் டெஸ்ட் லேம்ப்பையும் கொடுத்துப் பழக்க வேண்டும்.

அதுவரை வண்டிக்காரர்கள் ஒன்று செய்யலாம். புது மீட்டருக்குப் பணம் எடுக்கும் முன், சாவியை அணைத்துவிட்டு, டேங்க் யூனிட்டின் உலோக உடம்பிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்குத் தனி ஒயர் ஒன்றை இழுத்து மாட்டச் சொல்லுங்கள். டேங்க் பக்கத்து முனையை முதலில் மாட்ட வேண்டும். பொறி பறந்தாலும் அது டேங்கருகே பறக்கக் கூடாது. பிறகு சாவியைப் போட்டுக் கொஞ்சம் பொறுங்கள். இந்த மீட்டரில் முள் மெதுவாகத்தான் ஏறும். ஏறிவிட்டால் மீட்டரைக் கழற்ற விடாதீர்கள்.