முதல் கேம் எழுதப் போறீங்களா? கோடோவில் ஆரம்பிங்க!

ஆபீஸ் முடிந்து வந்து, ராத்திரி ரெண்டு மணி நேரம் கேம் எழுதிப் பார்க்க ஆசைப்படுபவர்களின் முதல் குழப்பம்: யூனிட்டியா, அன்ரியலா, கோடோவா?

என் ஓட்டு கோடோவுக்கு. முதல் காரணம், எடை. அன்ரியலுக்குப் பல பத்து ஜிபி இடம் வேண்டும். சாதாரண லேப்டாப் திணறிடும். கோடோ சில நூறு எம்பிக்குள் அடங்கிவிடும். அதன் ஜிடிஸ்கிரிப்ட் மொழியும் பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பழகின மாதிரியே இருக்கும்.

இரண்டாவது, உரிமம். 2023 செப்டம்பரில் யூனிட்டி, குறிப்பிட்ட அளவைத் தாண்டும் கேம்களுக்கு இன்ஸ்டால் கணக்கில் கட்டணம் என்று அறிவித்தது. எதிர்ப்பு கிளம்ப, 2024-ல் கைவிட்டது. பொழுதுபோக்குக்கு எழுதுபவர்களை அது தொட்டிருக்காதுதான். ஆனால், நாம் வருஷக்கணக்கில் கற்ற கருவியின் விதி ஒரே நாளில் மாறலாம் என்பது புரிந்தது. கோடோ எம்ஐடி உரிமத்தில் வருகிறது. ராயல்டி கிடையாது, கையில் இருக்கும் பதிப்பை யாரும் பறிக்கவும் முடியாது.

கேம் கம்பெனி வேலைதான் குறி என்றால் யூனிட்டி கத்துக்கோங்க. பிரமாண்ட 3டி வேணும்னா அன்ரியல்; 10 லட்சம் டாலர் வருமானம் வரை அதிலும் ராயல்டி இல்லை.

எதை எடுத்தாலும், ஒரு சின்ன கேமை முடிக்கும்வரை இன்ஜினை மாத்தாதீங்க. பாதிப் பேர் தோற்பது அங்கேதான்!