விண்மீன் பேரேடு

அயர்லாந்தில் ஸ்லைகோ பகுதியில் மார்க்ரி என்றொரு மாளிகை. அதன் சொந்தக்காரர் எட்வர்ட் கூப்பர் தன் கைப்பணத்தில் அங்கே வானாய்வுக்கூடம் கட்டினார். அவருடைய உதவியாளர் ஆண்ட்ரூ கிரகாம் 1848-இல் ‘மீட்டிஸ்’ என்ற சிறுகோளைக் கண்டுபிடித்தார். பேர் வாங்கித் தந்தது அதுதான். என்னைக் கேட்டால், அடுத்து அவர்கள் செய்ததே பெரிய காரியம் என்பேன்.

சூரியன் ஓராண்டில் வானத்தைச் சுற்றிவரும் பாதையை ஒட்டிய விண்மீன்களை அளந்து பட்டியல் போட்டார்கள். 1851 முதல் 1856 வரை நான்கு தொகுதிகள் வெளிவந்தன. மொத்தம் 60,066 விண்மீன்கள்! அதுவும் மழைக்கும் மேகத்துக்கும் பேர்போன நாட்டில்.

எதற்கு இந்தப் பாடு? சிறுகோள்கள் பெரும்பாலும் அந்தப் பாதையை ஒட்டியே நகரும். தொலைநோக்கியில் அவையும் விண்மீன் போலப் புள்ளிதான். பட்டியலில் இல்லாத புள்ளி தென்பட்டால் மறுநாளும் பார்க்க வேண்டும். விண்மீன்களுக்கு நடுவே இடம் மாறியிருந்தால் சிறுகோள். ஊராரை எல்லாம் அறிந்தவனுக்குத்தானே புதிதாய் வந்தவனை அடையாளம் தெரியும்?

நம் சென்னையிலும் இதே கதைதான். 1861-இல் நுங்கம்பாக்கம் வானாய்வுக்கூடத்தில் போக்சன் ‘ஏசியா’ சிறுகோளைக் கண்டது சிலருக்காவது தெரியும். அதற்கு முன்பே அங்கிருந்து டெய்லர் சுமார் 11,000 விண்மீன்களுக்குப் பட்டியல் தயாரித்ததை யார் பேசுகிறார்கள்?

பேரேடு எழுதியே காலம் தள்ளியவன் நான். அதைக் குமாஸ்தா வேலை என்று இளக்காரமாய்ச் சொல்வதை நிறையக் கேட்டிருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்குக் கண்டுபிடித்தவர் கதையைச் சொல்லும்போது, கணக்கெடுத்தவர் கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள். பழையது எது என்று ஒருவர் எழுதி வைத்தால்தான், புதியது எது என்று இன்னொருவருக்குத் தெரியும்.