உறுமி மட்டும் இரைச்சலா?

"அது சங்கீதம் இல்லை சார், வெறும் இரைச்சல்." உறுமி என்று பேச்செடுத்தாலே நம் கச்சேரி ரசிகர்கள் பலர் சொல்லும் பதில் இது. மேல்நாட்டில் வயலினைக் கரகரவென்று வாசிக்கும் புதுப் பாணியைச் சொன்னாலும் இதே பதில்தான். இந்தப் பதிலைக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம்.

மிருதங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வலந்தலைத் தோல்களுக்கு நடுவே குச்சித் துண்டுகளைச் சொருகினால் குச்சி மிருதங்கம், பொடிக்கல் போட்டால் கப்பி மிருதங்கம். எதற்கு இந்த வேலை? சுத்தமான நாதத்தோடு சன்னமாக ஒரு கரகரப்பும் சேர்ந்து வரவேண்டும் என்றுதான். தம்புராவில் தந்திக்கு அடியில் நூல் வைப்பதும் அந்த ரீங்காரத்துக்காகவே. நம் மாவட்டத்துப் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் கும்கிக்கு மயங்காதவர் யார்? ரவை அப்பிய இடந்தலையைக் கையால் அழுத்தித் தேய்த்து எழுப்புவது கும்கி. உறுமியிலும் தோலைத்தான் தேய்க்கிறார்கள், வளைந்த குச்சியால். கையால் தேய்த்தால் நாதம், குச்சியால் தேய்த்தால் இரைச்சலா? இது காது சொல்லும் தீர்ப்பா, வாசிப்பவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று பார்த்துச் சொல்லும் தீர்ப்பா?

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். அந்த மொழியில் ஒலிக்கு 'சோன்', இரைச்சலுக்கு 'ப்ருயீ' என்று தனித்தனிச் சொற்கள். அப்படிப் பிரித்து வைத்த பாரிசில்தான் 1948இல் பியேர் ஷெஃபர் என்பவர் ரயில் சத்தங்களைப் பதிவு செய்து, வெட்டி அடுக்கி, ஒரு இசைப் படைப்பாக்கினார். பிறகு ஜெர்மனியின் ஹெல்முட் லாக்கன்மான் ஒலிப்பதிவே இல்லாமல் வாத்தியங்களிலேயே அதைச் செய்தார். 1971இல் அவர் எழுதத் தொடங்கிய 'கிரான் டோர்சோ' இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோவுக்கானது. வில்லை அழுத்தி முனக வைப்பார், சில இடங்களில் மூச்சு மாதிரி உரசல் மட்டும் கேட்கும். வில்லை எங்கே வைப்பது, எத்தனை அழுத்தம், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் தாளில் எழுதியிருக்கும். (ஒரே மூச்சில் உட்கார்ந்து கேட்க எனக்கும் பொறுமை போதாது. அது வேறு விஷயம்.)

கஞ்சிராவுக்கும் ஒரு காலத்தில் கச்சேரி மேடையில் இடமில்லை. பஜனைக் கோஷ்டியில் இருந்ததைப் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை மேடையேற்றினார். அவருடைய சிஷ்யர் முத்தையா பிள்ளையின் மகன்தான் பழனியார். அப்போதும் நாலு பேர் முகம் சுளித்திருப்பார்கள், சந்தேகமில்லை.

இங்கே கிராமத் திருவிழாக்களில்கூடச் செண்டை மேளம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. உறுமிக்காரருக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பவர் குறைந்துவிட்டார்கள். சபா காரியதரிசிகளைக் கேட்கிறேன்: சின்னக் கூடம் ஒன்றில், மைக் இல்லாமல், வீணை, வயலின், உறுமி மூன்றுக்கும் சேர்த்து ஒரு உருப்படி எழுதச் சொல்லி யாராவது ஒரு இளைஞரிடம் கேட்டால் என்ன? உறுமிக்காரருக்கும் வித்வான்களோடு ஒரே மேடை, ஒரே ஜமக்காளம், ஒரே சன்மானம். டிக்கெட் போட்டாலும் சரி, முதல் வரிசையில் ஒரு நாற்காலி எனக்கு வேண்டும்.