பட்டியலைக் கீழிருந்து எழுதுவோம்

கோவளத்திற்கும் மாமல்லபுரத்திற்கும் இடைப்பட்ட கடற்கரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து படிக்க வரும் நம் மாணவர் ஒருவர், சில திங்களுக்கு முன் கையில் ஒரு தாளுடன் நம்மை நாடி வந்தார். உயர்தர விளையாட்டுகளை ஆடத்தக்க கணிப்பொறி ஒன்றை உறுப்பு உறுப்பாக வாங்கி இணைக்க வேண்டும் என்பது அவர்தம் ஆசை. வளைகுடா நாட்டில் உழைக்கும் அவருடைய அத்தா பணம் அனுப்ப இசைந்துவிட்டார். வாங்குமுன் ஆசிரியர் ஒருவரிடம் காட்டிக் கருத்துக் கேட்க வேண்டும் என்பதே அவர் விதித்த ஒரே நிபந்தனை. தமிழாசிரியரிடமா இதைக் கேட்பது எனச் சிலர் நகைக்கலாம். ஆயினும் அத்தாளைக் கண்டபோது நமக்கும் சொல்ல ஒன்று இருந்தது.

தாளின் முதல் வரியில் மிக விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு இருந்தது. அடுத்துப் பிராசஸர், அதற்கடுத்து வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிப் பெட்டி. கடைசி வரியில் இருந்தது, எல்லா உறுப்புகளுக்கும் மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் எஸ்.எம்.பி.எஸ். அதன் எதிரே, 'ஏதேனும் ஒன்று' என்று எழுதியிருந்தார்.

அந்தச் சொற்கள் நமக்குப் பழக்கமானவை. எம்.ஃபில். ஆய்வுக் காலத்தில் நாமும் கடன் பெற்று ஒரு கணிப்பொறி இணைத்தோம். திரை பெரிதாக இருக்க வேண்டும் என விரும்பி, எஸ்.எம்.பி.எஸ்.ஸில் சில நூறு ரூபாயை மிச்சம் பிடித்தோம். ஐப்பசி மாத மழை இரவொன்றில் மின்சாரம் போய் மீண்டபோது புகை வந்தது. அப்பெட்டி தான் கெட்டதோடு நில்லாமல், மதர்போர்டையும் வன்வட்டையும் உடன் கொண்டு சென்றது. ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அதோடு போயின. அவற்றை மீண்டும் எழுத நான்கு திங்கள் ஆயிற்று. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பதை நாம் அன்று பட்டுணர்ந்தோம்.

விளையாட்டுக்காக இத்தனை செலவா என நம் மூத்தோர் கேட்பது இயல்பே. வீண்விரயத்தை அஞ்சுவது நல்ல குணம். ஆயின் விளையாட்டு என்றாலே வீண் என்று ஒதுக்குதல் பொருந்தாது. 2022ஆம் ஆண்டு சூலை, ஆகத்து மாதங்களில் நம் மாமல்லபுரத்திலேயே 44ஆம் செஸ் ஒலிம்பியாட் நடைபெற்றது. அங்கு முதற்பலகைக்கான தங்கம் வென்ற குகேஷ், 2024 திசம்பரில் பதினெட்டு வயதில் உலக வாகையரானார். இன்றைய முன்னணிச் சதுரங்க வீரர் பெரும்பாலோர் கணிப்பொறியின் துணையுடன் பயில்கின்றனர். மேலும், 2012இல் செயற்கை அறிவுத்துறையில் பெருந்திருப்பத்தை உண்டாக்கிய 'அலெக்ஸ்நெட்' என்னும் அமைப்பைப் பயிற்றுவித்தவை, விளையாட்டுக்கென விற்கப்பட்ட இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளே. ஆகவே 'வாங்கலாமா' என்பதைவிட 'எவ்வாறு தேர்வது' என்பதே கேட்கத்தக்க வினா.

தேர்வு திரையிலிருந்து தொடங்க வேண்டும். 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் ஏறத்தாழ இருபது இலட்சம் புள்ளிகள்; 'நான்கு கே' திரையிலோ எண்பத்திரண்டு இலட்சத்திற்கும் மேல். நான்கு மடங்கு புள்ளிகளை நொடிக்குப் பன்முறை வரைய வேண்டிய கார்டின் உழைப்பும் அதற்கேற்பப் பெருகும். சிறு திரையை வைத்துக்கொண்டு பெருங்கார்டு வாங்குவது, குடத்து நீருக்குக் கொளவாய் ஏரியை வெட்டுவது போலாம்.

அடுத்தது பொருத்தம். மதர்போர்டு நிலைமொழி எனின், பிராசஸரும் நினைவகமும் வருமொழிகள். ஈறும் முதலும் இயையாவிடில் புணர்ச்சி இல்லை. டி.டி.ஆர். 5 நினைவகம் டி.டி.ஆர். 4க்கு உரிய பொருத்துவாயில் நுழையாது. இன்டெல் பிராசஸர் ஏ.எம்.டி.க்கு உரிய பலகையில் அமராது. ரிச்சி தெருவில் பணம் கொடுக்குமுன் இவற்றை ஒருமுறைக்கு இருமுறை சரிபார்த்தல் வேண்டும்.

மூன்றாவது மின்சாரம். 2025 சனவரியில் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 5090 என்னும் கார்டு மட்டுமே 575 வாட் வரை உண்ணும். அதற்கு ஆயிரம் வாட் எஸ்.எம்.பி.எஸ். வேண்டுமென அதன் நிறுவனமே அறிவுறுத்துகிறது. அதே வரிசையின் ஆர்.டி.எக்ஸ். 5060க்கு 145 வாட் போதும். உறுப்புகளின் தேவையைக் கூட்டி, அதற்குமேல் இடம்விட்டு, நம்பத்தக்க எஸ்.எம்.பி.எஸ். ஒன்றைத் தேர்க. '80 பிளஸ்' முத்திரை மின்சிக்கனத்தைச் சொல்லுமேயன்றி முழுத் தரத்தையும் உறுதி செய்யாது. எனவே உத்தரவாத ஆண்டுகளையும் கேட்டறிதல் நன்று. வீட்டு மின்இணைப்பில் 'எர்த்' சரியாக உள்ளதா எனவும் பார்த்தல் வேண்டும்.

நான்காவது நம் மண். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலின் கருங்கற் சிற்பங்களையே உப்புக்காற்று அரித்துத் தேய்த்திருக்கிறது. அதைத் தடுக்கவே அங்குச் சவுக்குமரங்களை வளர்த்தனர். கல்லுக்கே இக்கதி எனின், மெல்லிய செம்புத்தடங்களால் ஆன பலகைக்கு என்ன கதி? உப்புத்துகள் ஈரத்தை ஈர்த்து உலோகத்தை அரிக்கும். எனவே கடலோர வீட்டுக்கு, முகப்பு முழுதும் கண்ணாடியால் மூடிய பெட்டியைவிடக் காற்றோட்டமும் தூசுவடிகட்டியும் உள்ள பெட்டியே ஏற்றது. அதனைக் கடல்நோக்கிய சாளரத்தருகே வையாமல், திங்களுக்கு ஒருமுறை தூசு நீக்குவதும் இன்றியமையாதது.

இவற்றையெல்லாம் கேட்ட மாணவர், ஒரு வாரம் கழித்து வேறொரு தாளுடன் வந்தார். இம்முறை முதல் வரியில் திரையும், அடுத்து எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இருந்தன. கார்டு இரண்டு படி கீழிறங்கியிருந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே காரணம் ஒரு வரி. எஞ்சிய தொகையை அத்தாவிடமே விட்டுவிடப் போவதாகச் சொன்னார். அதன்பின் நாம் சொல்ல ஒன்றுமில்லை.

பெற்றோர்க்கும் மூத்தோர்க்கும் நம் வேண்டுகோள் இதுவே: பிள்ளைகள் கேட்டதும் மறுக்கவும் வேண்டா, கேட்டதும் கொடுக்கவும் வேண்டா. பட்டியல் எழுதிவரச் சொல்லி, ஒவ்வொரு வரிக்கும் காரணம் கேளுங்கள். உறுப்புகளின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய தேவையில்லை. காரணம் காரணமாக இருக்கிறதா என்பதை அறியும் பட்டறிவு உங்களிடம் உண்டு. மாணவர்களே, கண்ணைக் கவர்வதை முதலில் எழுதாதீர்கள். எதன்மீது மற்றவை நிற்கின்றனவோ, அதை முதலில் எழுதுங்கள். தொலைவில் வெயிலில் நின்று ஈட்டிய பணத்திற்கு நாம் காட்டக்கூடிய மரியாதை அதுவேயாகும்.