யார் வெட்டிய வரப்பு?

விவசாய நிலத்தை மட்டும் பெண் பிள்ளைகளின் வாரிசுப் பங்கிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று வாதிட்டு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர் விவசாயிகளின் பக்கம் நின்று பேசுவதாகச் சொல்லிக்கொள்கிறார். அவர் சொல்லும் கதை இதுதான்: 2005-இல் டெல்லி வாரிசுச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை கொடுத்தது; தங்கைகள் பங்கு கேட்டு வந்தார்கள்; நிலம் துண்டு துண்டாகி விவசாயம் நொடித்துப்போனது. ஆகவே உழுகிற மகனுக்கு நிலம், மகளுக்குப் படிப்பும் நகையும் சீரும் போதும். திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் தலையாட்டத் தோன்றும். கணக்கு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டால் சிரிப்புத்தான் வரும்.

நாட்டின் வேளாண் கணக்கெடுப்புப்படி 1970-71-இல் சராசரி சாகுபடிப் பரப்பு 2.28 ஹெக்டேர். 2005-06-இல் அது 1.23. 2015-16-இல் 1.08. ஆக, சுருங்கியது மொத்தம் 1.20 ஹெக்டேர்; அதில் 1.05, அதாவது எட்டில் ஏழு பங்கு, அந்தச் சட்டத்தின் மை காய்வதற்கு முன்பே சுருங்கிவிட்டது. தமிழ்நாட்டிலும் இதே கதைதான். 1970-71-இல் 1.45 ஹெக்டேராக இருந்தது 1990-91-இல் 0.93 ஆகிவிட்டது. அந்த இருபது வருஷமும் வரப்பு போட்டுப் பிரித்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் அண்ணன் தம்பிகள். அப்போது யாரும் ஐயோ, நிலம் சிதறுகிறதே என்று கட்டுரை எழுதவில்லை. இரண்டு மகன்கள் பிரித்தால் அது பாகப்பிரிவினை. மகள் கேட்டால்தான் அது நிலச் சிதறல் போலிருக்கிறது.

இன்னும் ஒன்று. அவர் கேட்கிற மாதிரியான சட்டம் ஏட்டில் எழுதிப் பார்க்க வேண்டிய கனவு அல்ல. நடப்பிலேயே இருக்கிறது, உத்தரப்பிரதேசத்தில். அங்கே விவசாய நிலத்தின் வாரிசு வரிசையைத் தீர்மானிப்பது மாநில நிலச் சட்டம். ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டக் காலத்திலிருந்தே மகன்களுக்கும் விதவைக்கும் பின்னால்தான் கல்யாணமான மகளுக்கு இடம். கட்டுரையாளரின் தர்க்கப்படி அங்கே வயல்கள் பரந்து விரிந்து கிடக்க வேண்டும். 2015-16 கணக்கெடுப்பில் உத்தரப்பிரதேசத்தின் சராசரி 0.73 ஹெக்டேர், தமிழ்நாட்டின் சராசரி 0.75. மக்கள்தொகை அதிகம், பிழைப்புக்கு வேறு வழி குறைவு, அதனால்தான் அப்படி என்று அவர் பதில் சொல்லலாம். சொல்லட்டும். நிலம் சிறுப்பதற்குக் காரணம் அதுதான், தங்கை இல்லை என்று ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்கிறேன்.

டெல்லி திணித்தது என்பதும் பொய். ஆந்திரம் 1986-லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கொடுத்தது. தமிழ்நாடு, 25.3.1989 அன்று கல்யாணமாகாமல் இருந்த மகள்களுக்குக் கொடுத்தது. பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்ற தீர்மானம் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் நிறைவேறியது 1929-இல். டெல்லிதான் நம்மைப் பின்தொடர்ந்து வந்தது.

சட்டத்தையே அவர் தப்பாகப் படித்திருக்கிறார் என்பதுதான் எனக்கு வியப்பு. 2005-க்கு முன் மகளுக்கு நிலத்தில் எதுவுமே கிடையாது என்கிறார். அப்பாவின் சுயார்ஜிதத்தில் மகளுக்கு மகனுக்குச் சமமான பங்கு 1956-லிருந்தே இருக்கிறது. பூர்வீகச் சொத்திலும் அப்பாவின் பாகத்திலிருந்து அவளுக்கு ஒரு துண்டு உண்டு. நாலு ஏக்கர் பூர்வீக நிலம், உயில் எழுதாமல் இறந்துபோன அப்பா, அம்மா, இரண்டு மகன்கள், ஒரு மகள் என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்குப்படி அப்பாவுக்கும் மகன்களுக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. அப்பாவின் பங்கு நாலாகப் பிரியும். மகன்களுக்கு ஆளுக்கு ஒரு ஏக்கர் 67 சென்ட், மகளுக்கு 33 சென்ட், அம்மாவுக்கு 33 சென்ட். புதிய கணக்குப்படி மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்றேகால் ஏக்கர், அம்மாவுக்கு 25 சென்ட். இரண்டு கணக்கிலும் வாரிசுச் சான்றில் இருப்பது நாலு பேர்தான். துண்டுகளின் எண்ணிக்கை மாறவில்லை. யாருக்கு எவ்வளவு என்பது மாறியிருக்கிறது. கட்டுரையாளருக்கு வலிப்பது எது என்று இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

கூர்ந்து பார்த்திருந்தால் அவர் கண்ணில் வேறொன்று பட்டிருக்கும். இந்தத் திருத்தத்தில் மகன்களோடு அம்மாவும் இழக்கிறாள். அவள் பங்கு 33 சென்ட்டிலிருந்து 25-க்கு இறங்குகிறது. கணவன் போனபின் கடைசி வரை அந்த நிலத்தை நம்பி இருக்கப் போகிறவள் அவள்தான். விவசாயக் குடும்பத்துக்காகக் கண்ணீர் வடிக்கும் கட்டுரையில் அவளைப் பற்றி மூச்சே இல்லை.

பழைய பாகப்பிரிவினைகள் எல்லாம் கிளறப்படும் என்று பயமுறுத்துவதும் வீண். 20.12.2004-க்கு முன் பதிவான பாகப்பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அதைச் சட்டம் தொடாது. 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று சொன்னது. கூடவே, வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம் என்பதைச் சாதாரணமாக ஏற்க முடியாது என்றும் சொன்னது. கலங்க வேண்டியவர்கள், பத்திரமே இல்லாமல் வாய்வார்த்தையில் தங்கையை ஒதுக்கிவைத்தவர்கள்தான்.

அடுத்து, நகையும் சீரும்தான் அவள் பங்கு என்ற வாதம். வரதட்சணை கொடுப்பதும் வாங்குவதும் 1961-லிருந்து குற்றம். ஒரு குற்றத்தைச் செய்துவிட்டு, அதையே ரசீதாகக் காட்டி, பங்கு கொடுத்தாயிற்று என்கிறார். அந்த நகை யார் பெட்டியில் இருக்கிறது, எந்தக் கூட்டுறவு வங்கியில் எத்தனை முறை அடகுக்குப் போனது என்று கேட்டுப் பார்க்கட்டும். மகனின் இன்ஜினியரிங் படிப்புக்கும் அதே வயல்தான் பணம் கட்டியது. அதை எவரும் அவன் பங்கில் கழிப்பதில்லை.

உழுகிறவனுக்கே நிலம் என்கிறாரே, அந்த உழுகிறவன் எங்கே? சென்னையில் சாப்ட்வேர் கம்பெனியிலும் துபாயிலும் இருந்துகொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கும் மகன்களைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெண்கள். ஆனால் 2015-16 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் பெண் பெயரில் இருந்த சாகுபடிக் கணக்குகள் நூற்றுக்குப் பதினாலுகூட இல்லை. பட்டா இல்லாவிட்டால் பிஎம் கிசான் திட்டத்தின் வருஷம் 6,000 ரூபாய் கிடையாது. சொசைட்டியில் பயிர்க்கடன் கேட்கப் போனாலும் சிட்டாவும் அடங்கலும்தான் முதலில் மேஜைக்கு வர வேண்டும்.

நிலத்தை ஒன்றாக வைத்திருக்க வழியே இல்லையா? இருக்கிறது, அதே வாரிசுச் சட்டத்துக்குள். ஒரு வாரிசு தன் பங்கை விற்க நினைத்தால் மற்ற வாரிசுகளுக்கு அதை வாங்க முன்னுரிமை தருகிறது 22-ஆம் பிரிவு. விலையில் ஒத்துப்போகாவிட்டால் நீதிமன்றம் நிர்ணயிக்கும். விவசாய நிலத்துக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் பாபு ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது. பங்கு என்பது உரிமை; வரப்பு அல்ல. கூட்டுப் பட்டாவில் நாலு பேர் இருக்க, ஒருவர் பயிர் செய்து மற்றவர்களுக்கு வாரமோ குத்தகையோ அளக்கலாம். தங்கையின் பங்கை நியாயமான விலைக்கு அண்ணன் வாங்கிக்கொள்ளலாம். கட்டுரையாளர் இதை எல்லாம் எழுதாததற்குக் காரணம், இவற்றில் பணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. அவர் விரும்பும் வழி மலிவானது: ஒரு பட்டுப்புடவை, பஸ் செலவு, சார்பதிவாளர் அலுவலக வாசலில் ஒரு காபி, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து. போடாவிட்டால் பிறந்த வீட்டுக் கதவு சாத்தப்படும், தாய்மாமன் சீர் வராது.

அப்பாக்கள் எல்லாவற்றையும் மகனுக்கே உயில் எழுதிவிட வேண்டும் என்று அவர் தரும் யோசனையை நம்பி யாரும் எழுதிவிட வேண்டாம். பூர்வீகச் சொத்தில் அப்பா தன் பங்கை மட்டும்தான் உயில் எழுத முடியும். பிள்ளைகளின் பங்கு அவர் கையில் இல்லை. எழுத வேண்டியது வேறு. எது பூர்வீகம், எது சுயார்ஜிதம் என்று உயிரோடு இருக்கும்போதே பிரித்து எழுதட்டும். கிணற்றுத் தண்ணீரில் யாருக்கு என்ன முறை, வண்டிப்பாதை யார் நிலம் வழியாகப் போகிறது, மின் இணைப்பு யார் பெயரில் என்பதையும் எழுதட்டும். தன் பங்கையாவது மனைவி பெயருக்கு எழுதிவைக்கட்டும். தாத்தா பெயரிலேயே பட்டா கிடக்கிற வீடுகளில் வழக்கு முளைப்பது பெரும்பாலும் இந்த மூன்று நாலு பக்கம் எழுதப்படாமல் போனதால்தான்.

விவசாயிக்காகச் சட்டத்தோடு மல்லுக்கட்ட வேண்டும் என்ற ஆசை அவருக்கு மெய்யாகவே இருந்தால் இடம் இருக்கிறது. 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உழுதவனைக் காக்க வந்தது, காக்கவும் செய்தது. இன்றோ, எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பி வராதோ என்று பயந்து வாய்வார்த்தையிலேயே குத்தகை விடுகிறார்கள். கூட்டாக நிலம் வைத்திருக்கும் அண்ணன் தங்கை அதைப் பிரிக்காமல் ஒருவர் கையில் ஒப்படைக்கத் தயங்குவதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். குத்தகை எடுத்தவரோ காகிதம் இல்லாததால் கடனும் கிடைக்காமல், வெள்ள நிவாரணமும் கிடைக்காமல் நிற்கிறார். இருவருக்கும் பாதகமில்லாமல் இதை எப்படித் திருத்துவது என்பது மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி. அவர் கட்டுரையில் குத்தகை என்ற சொல் ஒரு இடத்தில்கூட இல்லை.