நோய் தீர்ந்த பின் தாயாகலாம்!

ஆடிப்பூரத்தில் நெல்லை காந்திமதி அம்மனுக்கு வளைகாப்பு. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் கூடுகிறார்கள். புற்றுநோய் கண்ட பெண்ணுக்கு அந்த ஆசை நிறைவேறுமா?

வழி உண்டு!

எப்படி?

புற்றுநோயைக் கொல்லும் கடுமையான மருந்து, சினைப்பையில் உள்ள கருமுட்டைகளையும் அழித்துவிடலாம். ஆகவே, மருந்து ஏற்றும் முன்பே சினைப்பையிலிருந்து சிறு துண்டை எடுக்கிறார்கள். திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் உறைய வைக்கிறார்கள். நோய் குணமானதும் திரும்பப் பொருத்துகிறார்கள்.

பெல்ஜியம் நாட்டில் ஒரு பெண்ணுக்கு 1997-ல் இப்படி எடுத்து வைத்தார்கள். டாக்டர் ஜாக் டோனே குழுவினர் 2003-ல் அதைப் பொருத்தினார்கள். 2004-ல் பெண் குழந்தை பிறந்தது! இம்முறையில் பிறந்த முதல் குழந்தை அதுவே என்று அறிவித்தார்கள்.

சிறுமிகளுக்கும்

பூப்படையாத சிறுமியிடம் முதிர்ந்த கருமுட்டை கிடைக்காது. அவளுக்கு இந்த முறைதான் கைகொடுக்கும். ரத்தப் புற்றுநோய் என்றால் எச்சரிக்கை தேவை. துண்டோடு நோயும் திரும்பக்கூடும்.

எல்லா ஆஸ்பத்திரியிலும் இந்த வசதி கிடையாது. பாளையங்கோட்டைக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும், முதல் மருந்து ஏற்றும் முன்பே கேளுங்கள்: "டாக்டர், என் மகள் பின்னால் தாயாக வழி உண்டா?"

மருந்து ஏறிய பிறகு கேட்டால், காலம் கடந்திருக்கலாம்.