திருவிழாவுக்கு வந்தவர் திரும்பவும் வாங்குவாரா? சிறு வியாபாரிகளுக்கு மின்னஞ்சல் பாடம்

கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்துக் கடைக்காரர்களுக்குக் கூட்டம் புதிதல்ல. பூவராக சுவாமி கோயில் திருவிழாக்களுக்கு வெளியூர் பக்தர்கள் வருகிறார்கள், வாங்குகிறார்கள், போய்விடுகிறார்கள். வாங்கியவர் யார் என்பதுதான் கடைக்காரருக்குத் தெரியாது.

ஏன் மின்னஞ்சல்?

இன்ஸ்டாகிராம் பதிவு எத்தனை பேருக்குப் போகணும் என்பதை அந்த நிறுவனமே முடிவு செய்கிறது. முகவரிப் பட்டியல் அப்படியில்லை. அது கடைக்காரர் கையிலேயே இருக்கும்.

பட்டியலை விலைக்கு வாங்கலாமா?

கூடாது. 1978-ல் அமெரிக்காவில் கேரி துர்க் என்ற கணினி விற்பனையாளர், கேட்காமலே சுமார் 400 பேருக்கு விளம்பர மடல் அனுப்பினார். ‘ஸ்பேம்’ வரலாறு அங்கேதான் தொடங்குகிறது. இன்று விதிகள் கடுமை. மொத்தமாக மெயில் அனுப்புவோர் மீதான ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது என்று 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் சொல்கிறது. அதாவது, ஆயிரம் மடலுக்கு மூன்று புகார் வந்தாலே சிக்கல். அடுத்த மடல்கள் ஸ்பேம் பெட்டிக்குப் போகலாம். 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தை வலியுறுத்துகிறது.

என்ன எழுதுவது?

‘மாபெரும் தள்ளுபடி!!!’ என்று தினமும் பத்து மெயில் வருகிறது. ‘பண்ருட்டிப் புது முந்திரி வந்தாச்சு, கால் கிலோ பாக்கெட் ரெடி’ என்றால் விஷயம் தலைப்பிலேயே இருக்கிறது. ஒரு மடலுக்கு ஒரு செய்தி, ஒரு பட்டன் போதும். வேண்டாம் என்பவர் ஒரே க்ளிக்கில் விலக வழி இருக்கணும்.

பில் போடும்போது ‘மெயில் ஐடி தர்றீங்களா?’ என்று கேட்டு வாங்கிய ஐம்பது முகவரி, காசு கொடுத்து வாங்கிய ஐயாயிரத்தைவிட மேல்.